படச்சுருளின் சார்பில் ஒரு விண்ணப்பம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)



சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் நாள், விடுதியின் பின்தாழ்வாரத்தில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கிடந்தன. கிடங்கறையை ஒழித்தபோது வெளியே வந்தவை. பக்கத்தில் கால் ஒடிந்த நாற்காலிகள், கிழிந்த தேசப்படங்கள், ஓட்டை வாளி ஒன்று. எல்லாம் பழைய இரும்புக்காரரின் வருகைக்காகக் காத்திருந்தன. தோழி ஒருத்தி சும்மா இராமல் ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினாள். ஊறுகாய்க் கடையில் நுழைந்தாற்போல் மூக்கைத் துளைத்தது ஒரு புளித்த நெடி. உள்ளே ஊறுகாய் இல்லை. கடிதவுறை கடிதவுறையாக நெகட்டிவ்கள்! உறைகளின் மேல் பேனா மையில், அழகிய சாய்வெழுத்தில், வகுப்பும் ஆண்டும். மிகப் பழையது 1968, கடைசியானது 2003.

ஐவர் ஓடினோம் தலைமையாசிரியைச் சகோதரியிடம். அவர்கள் கோபிக்கவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். “பிள்ளைகளே, இதை யார் பார்த்துக்கொள்வது? மார்ச்சில் தேர்வு எழுதிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். பிறகு?” அன்று எங்களிடம் பதில் இல்லை. ஆண்டு விழா வரை அவகாசம் கேட்டுப் பெற்றோம். பொதுத்தேர்வு ஆண்டில் இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்ட பெற்றோர்களுக்கும் சேர்த்து, எங்கள் பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த நெடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். பழைய பிலிம்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பொருளின் மேல் செய்யப்பட்டவை. வெப்பமும் ஈரமும் பட்டால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வினிகரில் இருப்பதும் அந்த அமிலமே. அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கத் தொடங்கும். ஒரு கூடையில் ஒரு அழுகிய தக்காளி போல. ஆகவே நாங்கள் செய்த முதல் வேலை மோப்பம் பிடித்தது! ஒவ்வோர் உறையாக முகர்ந்து, நெடி உள்ளவற்றை ஒரு பெட்டியிலும் இல்லாதவற்றை மறு பெட்டியிலும் பிரித்தோம். சுருண்டு உடைந்துபோனவை சில. பூஞ்சை பிடித்தவை பல. நம் மலையில் ஈரம் எதைத்தான் விட்டது? ஆயினும் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பெரும்பகுதி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. வண்ண நெகட்டிவ்கள்தாம் சாயம் மங்கிப் போயிருந்தன. கறுப்பு வெள்ளையில் படமாக நிற்பது வெள்ளி. வண்ணத்தில் நிற்பது சாயம். வெள்ளி நெடுங்காலம் நிற்கும், சாயம் வெளுக்கும். பட்டுச் சேலையின் சரிகையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

நெகட்டிவைப் பார்க்க எங்களிடம் கருவி ஏதுமில்லை. கைப்பேசியின் திரையை வெண்மையாக ஒளிரவைத்து, அதன்மேல் ஓரங்குல உயரத்தில் நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு கைப்பேசியால் படமெடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிப் பார்த்தோம். (திரையோடு ஒட்டிவைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும், சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும்.) விடுமுறை நாளில், ஒரு தோழியின் வீட்டில், அவளுடைய அம்மாவும் உடனிருந்து பார்த்தார்கள். அவர்களும் நம் பள்ளியில் படித்தவர்களே. 2009 நவம்பரில் நீலகிரியில் மலைச்சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் பெருமழையில் அவர்களுடைய பிறந்த வீட்டின் பின்சுவர் விழுந்து, அலமாரியோடு ஆல்பங்களும் சேற்றில் போயின. தம் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லாதவர்கள். “1991, ஐந்தாம் வகுப்பு” என்ற உறையைப் பிரித்து, கைப்பேசியில் படத்தைத் திருப்பியவுடன், “இது ரோஸி, இது ரோஸி!” என்று கத்தினார்கள். ரோஸி என்பவர் அவர்கள் பக்கத்து இருக்கைத் தோழியாம். தம்மைக் கண்டுபிடிக்க அதன்பின் வெகுநேரமாயிற்று, நாங்கள்தான் காட்டினோம். பார்த்துவிட்டு, “இவ்வளவு ஒல்லியாகவா இருந்தேன்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள். காப்பி வர நேரமாயிற்று. நாங்களும் போய்ப் பார்க்கவில்லை.

அதே படத்தின் வலது ஓரத்தில், பாதி வெட்டுண்டு, ஒரு பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தபடி ஓர் இளைஞர் நிற்கிறார். அவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இனி எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருவோம். “கைப்பேசியில் நொடிக்கு ஒரு படம் எடுக்கலாம், செலவில்லை, உடனே பார்க்கலாம், பிலிமுக்காக ஏன் அழவேண்டும்?” என்று எங்கள் வகுப்பிலேயே கேட்கிறார்கள். வாதம் நியாயமானதே. மங்கிய ஒளியில் எடுக்கவும், ஓடும் பிள்ளையை எடுக்கவும், அவசரத்துக்கு உதவவும் கைப்பேசியே வல்லது. அதை மறுப்பவர் பொய் சொல்கிறார். ஆனால் எங்கள் ஐவர் வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியின் தம்பி 2020-இல் ஊரடங்கின்போது பிறந்தான். அவன் தவழ்ந்தது, எழுந்து நின்றது எல்லாம் அம்மாவின் கைப்பேசியில் இருந்தன. கைப்பேசி துணி ஊறவைத்த வாளியில் விழுந்தது. இன்று அவனுக்கு ஒரு வயதுவரை படமே இல்லை. வேறிடத்திலும் பிரதி எடுத்து வைத்திருந்தால் தப்பியிருக்கும் என்பீர்கள். உண்மை. எத்தனை வீட்டில் எடுத்து வைக்கிறோம்? கிடங்கறையில் யாரும் திரும்பிப் பாராமல் ஐம்பது ஆண்டு கிடந்த நெகட்டிவ் பேசுகிறது. ஐந்து ஆண்டு கவனிக்காமல் விட்ட கைப்பேசி வாய் திறப்பதில்லை.

டிஜிட்டல் கேமராவை முதன்முதலில் செய்து காட்டியவர், பிலிம் விற்றே பெரும் பணம் ஈட்டிய கோடாக் நிறுவனத்தின் பொறியாளரே! ஸ்டீவன் சாசன் என்பது அவர் பெயர், ஆண்டு 1975. மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடை. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடி பிடித்தது. தம் வீட்டுத் தொட்டிலில் பிறந்த அந்தக் குழந்தையே பின்னாளில் வீட்டை விலைக்குக் கேட்டது. 2012 ஜனவரியில் கோடாக் கடன் சுமை தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

பிலிம் எப்படி வேலை செய்கிறது என்று பத்தாம் வகுப்பில் இருப்பவர் யாரும் கேட்கக்கூடாது. நம் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. வெள்ளி புரோமைடு ஒளிபட்டால் வெள்ளியாகவும் புரோமினாகவும் சிதையும்; ஒளிச்சிதைவு வினை. இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தோமே, அதுதான். பிலிமில் ஒளி படும்போது அந்தச் சிதைவு கண்ணுக்குத் தெரியாத அளவே நடக்கிறது. டெவலப்பர் கரைசல் அந்தச் சிறு தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஒளிபட்ட துகள்களை முழு வெள்ளியாக்கிக் கறுக்கச் செய்கிறது. ஒளிபடாத துகள்களை ஹைப்போ கரைத்து வெளியேற்றுகிறது. ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819-லேயே கண்டவர் ஜான் ஹெர்ஷல். ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்ற சொற்களைப் புகைப்படத்துக்கு வழங்கியவரும் அவரே. வெள்ளித் துகள்களைப் பிலிமில் பிடித்து நிறுத்துவது ஜெலட்டின். அது மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. இதைக் கேட்டு எங்களில் சைவமான இருவர் முகம் சுளித்தனர். பிறகு கையுறை போட்டுக்கொண்டனர்.

நெகட்டிவ் என்றால் நம் சகோதரியர்களுக்கு நினைவு வருவது தூரின் நகரத் திருத்துகில். 1898 மே மாதம் செக்கொண்டோ பியா என்னும் வழக்கறிஞர் அதை முதன்முதலாகப் படமெடுத்தார். இருட்டறையில் கண்ணாடித் தட்டைக் கழுவியபோது, துகிலில் மங்கலாகத் தெரிந்த முகம், தட்டில் இயல்பான ஒளிநிழலோடு எழுந்து வந்ததைக் கண்டார். மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டபோது எங்களுக்கு விளங்கவில்லை. எங்கள் முதல் நெகட்டிவைக் கையில் பிடித்த நாளில்தான் அவருடைய கை ஏன் நடுங்கியிருக்கும் என்று விளங்கியது.

இதெல்லாம் எங்கோ அயல்நாட்டுச் சங்கதி என்று எண்ண வேண்டாம். நம் உதகையின் ‘இந்து நகர்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? மதத்தைக் குறித்ததன்று, ‘இந்து’ என்பது பிலிமின் பெயர்! இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கப்பெற்று, 1967 முதல் இங்கே பிலிம் உற்பத்தி செய்தது. தூசி குறைந்த காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் பிலிமுக்கு உகந்தவை என்பதால் நம் மலைக்கு அந்தப் பேறு வாய்த்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமும், பிரிண்ட் போடும் தாளும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. எங்களுள் ஒருத்தியின் தாத்தா அங்கே பணிபுரிந்தவர். பிலிமில் பூச்சுப் போடும் கூடத்தில் இருட்டிலேயே வேலை. எதிரே வருபவர்மேல் மோதாமலிருக்க ஆளுக்கொரு விதமாகச் சீழ்க்கை அடிப்பார்களாம். இன்றும் மின்சாரம் போனால் தாத்தா தட்டுத்தடுமாறாமல் வீட்டில் நடப்பார். நாங்கள்தான் நாற்காலியில் இடித்துக்கொள்வோம். 1990-களில் அந்நிறுவனம் நலிவுற்றது. 2010-களில் முற்றிலும் மூடப்பட்டது. நம் பெட்டியில் உள்ள 1970-களின் உறைகள் சிலவற்றில் ‘இந்து’ என்ற முத்திரையைப் பார்த்ததும் தாத்தா உறையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். நெடி இல்லை. “எங்கள் சரக்கு!” என்றார். அத்தனை பெருமை அவர் முகத்தில்! (நாங்கள் முகர்ந்த ‘இந்து’ உறைகளில் இரண்டில் நெடி இருந்தது. அவற்றை அவரிடம் காட்டவில்லை.)

அவர் தந்ததுதான் எங்கள் கேமரா, பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட மாதிரி. பேட்டரி இல்லாமலும் ஷட்டர் வேலை செய்யும். ஒளிமானிக்கு மட்டுமே பேட்டரி வேண்டும். இனி, தோழியரே, நாங்கள் தலைகுனிந்து சொல்லவேண்டிய பகுதி வருகிறது.

நம் வாட்ச்மேன் தாத்தா ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். அவருக்குத் தேநீர் விருந்து, மாலை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நடனம். கைப்பேசி பள்ளிக்குள் கூடாது என்பது நம் விதி. ஆகவே படமெடுக்கும் பொறுப்பை நாங்கள் கேட்டு வாங்கினோம். பிலிமில்தான் எடுப்போம் என்று வீம்பும் பிடித்தோம். எடுத்தோம், எடுத்தோம், எடுத்துக்கொண்டே இருந்தோம். எண்காட்டி 36-ஐத் தாண்டி 37, 38 என்று போயிற்று. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். “சில சுருளில் ஒன்றிரண்டு கூட வரும்” என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள். 40 ஆனபோது வயிற்றைக் கலக்கியது. மாலையில் கம்பளிக்குள் கேமராவை வைத்துத் திறந்து தடவிப் பார்த்தால், பிலிமின் நாக்கு எதிர்ப்பக்கச் சுருளியில் மாட்டவே இல்லை. போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. நாற்பது முறை ஷட்டர் திறந்து மூடியதெல்லாம் ஒரே இடத்தில், வீணாக. பிலிம் பழுதாகவில்லை, மறுபடி பயன்படுத்தலாம். காசு போகவில்லை. நாள் போயிற்று. தாத்தா மறுநாள் காலை முதல் பேருந்தில் தம் ஊருக்குப் போய்விட்டார்.

இந்தத் தவறு எங்களுடையதே, கேமராவினுடையதன்று. பிலிம் போட்டு மூடியவுடன், இடப்பக்கம் மேலே உள்ள சுருட்டும் கைப்பிடியை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுத்துவிட வேண்டும். பிறகு நெம்புகோலைத் தள்ளும்போதெல்லாம் அந்தக் கைப்பிடியும் கூடவே சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் நீங்கள் காற்றைப் படமெடுக்கிறீர்கள். இதைக் கேமராவின் முதுகில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒட்டியிருக்கிறோம்.

ஐந்தாம் வகுப்புப் படத்தின் ஓரத்தில் பெஞ்சைப் பிடித்து நின்ற இளைஞர் யாரென்று இப்போது ஊகித்திருப்பீர்கள். எங்களால் எடுக்க முடியாமல் போனவரை, 1991-இல் யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் தம்மை அறியாமலே எடுத்து வைத்திருந்தார். வகுப்புப் படத்துக்குப் பெஞ்சுகளைத் தூக்கி வந்தவர், விலகுவதற்குள் ஷட்டர் விழுந்துவிட்டது போலும். தலை நிறைய முடி! அதைப் பெரிதாக்கி, பிரிண்ட் எடுத்து, அஞ்சலில் அனுப்பினோம். பதில் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அலுவலகத் தொலைபேசியில் அழைத்து, இன்னும் இரண்டு பிரதி வேண்டும் என்று கேட்டாராம்.

கழுவும் வேலையிலும் நம் மலை எங்களுக்குச் சோதனை வைத்தது. நாங்கள் வாங்கியது இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், டெவலப்பர் டி-76. நீர் கலக்காமல் பயன்படுத்தினால் 20 பாகை செல்சியஸில் ஏழரை நிமிடம் என்பது கணக்கு. இங்கே நவம்பரில் குழாய் நீர் பல்லைக் கிட்டுகிறது! குளிர்ந்த கரைசல் சோம்பேறி, படம் வெளிறிப்போகும். சமவெளியிலுள்ள நம் உறவினர்களுக்கோ தலைகீழ்த் தொல்லை; சித்திரையில் பனிக்கட்டி போட்டு நீரைக் குளிர்விக்க வேண்டும். நாங்கள் அகன்ற தொட்டியில் வெந்நீர் கலந்து, அதற்குள் கரைசல் புட்டிகளை அரைமணி நிறுத்திவைத்து, ஆய்வுக்கூட வெப்பமானியைப் பார்த்தபடி காத்திருந்தோம். வேதியியல் சகோதரி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிலிமைத் தொட்டியின் சுருளியில் ஏற்றுவதைத்தான் முழு இருட்டில் செய்ய வேண்டும். சிவப்பு விளக்குகூடக் கூடாது. சிவப்பு விளக்கு பிரிண்ட் தாளுக்குத்தான். பழகுவதற்கு ஒரு வீணான சுருளை வைத்துக்கொண்டு, முதலில் கண் திறந்து, பிறகு கண்மூடி, இருபது முறை ஏற்றிப் பாருங்கள். ஜெபமாலை உருட்டத் தெரிந்த விரல்களுக்கு இது விரைவில் பழகிவிடும் என்று சகோதரி சொன்னார்கள்; அப்படியே ஆயிற்று.

ஒளிமானி இல்லாதவர்க்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல வெயிலில் லென்ஸின் துளையை 16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தைப் பிலிமின் எண்ணுக்கு ஒட்டியதாக வைக்க வேண்டும். 400 பிலிமுக்கு நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. மேகம் மூடினால் துளையை 8-க்குத் திறக்கலாம். நம் ஊரில் பிற்பகல் மூடுபனி இறங்கும்போது ஒளிமானியை நம்பி ஏமாறாதீர்கள். வெண்மையைக் கண்டு, ஒளி அதிகம் என்று அது தப்புக்கணக்குப் போடும். ஒரு படி கூடுதலாக ஒளி கொடுங்கள். நெகட்டிவ் பிலிம் ஒளி கூடினால் பொறுத்துக்கொள்ளும்; குறைந்தால் மன்னிக்காது.

பிலிம் உலகில் இப்போது என்ன நடக்கிறது? இறந்துவிட்டது என்று முடிவு கட்டிய பொருள் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. 1935 முதல் விற்ற கோடாக்ரோம் 2009-இல் நிறுத்தப்பட்டது; அதைக் கழுவிய கடைசிக் கூடம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்தது; 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு அங்கும் சுருள்களை வாங்கவில்லை. அது திரும்பவில்லை. ஆனால் 2012-இல் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் 2018-இல் திரும்பி வந்தது. கறுப்பு வெள்ளைக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் என்ற வண்ணப் பிலிமை வெளியிட்டது. 2024-இல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கேமரா வந்தது; ஒரு சட்டத்தை இரண்டாகப் பகுத்து, 36 படச் சுருளில் 72 படம் எடுக்கும். 2023-இல் வெளிவந்த ‘ஓப்பன்ஹைமர்’ திரைப்படத்துக்காக, அதுவரை இல்லாத அகலத்தில் கறுப்பு வெள்ளைப் பிலிமையே கோடாக் தனியாகச் செய்து கொடுத்தது.

இதைக் கேட்டுச் சிலர் துள்ளுகிறார்கள். நாங்கள் அவ்வளவாகத் துள்ளவில்லை. கழுத்தில் பழைய கேமராவை மாலைபோல் மாட்டிக்கொண்டு, அதைக் கைப்பேசியால் படமெடுத்துப் போட்டுக்கொள்ளும் கூட்டமும் இதில் உண்டு. நாகரிகம் என்று வந்தது நாகரிகம் மாறினால் போய்விடும். நம் பள்ளிக்கு அந்த மோகம் வேண்டாம்.

செலவையும் மறைக்க விரும்பவில்லை. நாங்கள் எடுத்த ஒரே ஒரு வண்ணச் சுருளுக்கு 950 ரூபாய். வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பிக் கழுவி வாங்க 450 ரூபாய். ஆக, ஒருமுறை விரலை அழுத்த ஏறத்தாழ 39 ரூபாய்! நம் பள்ளியில் அந்தத் தொகையைக் கொடுக்க முடியாத தோழியர் பலர். அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு நடக்கும் சங்கம் எங்களுக்கு வேண்டாம். ஆகவே ஆளுக்கொரு சுருள் என்பதை விட்டுவிட்டு, ஐவருக்கு ஒரு சுருள், தலைக்கு ஏழு படம், மிகுந்த ஒன்று குலுக்கலில் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஏழைச் செலவழிக்க ஒருத்தி மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். சமையற்கூடத்தில் விறகு பிளக்கும் அக்காவை எடுக்க, ஒளி அவர் முகத்தில் விழும் நேரம் காலை எட்டேகால் என்று கண்டுபிடித்து, நான்கு நாள் போய் நின்று, ஐந்தாம் நாள் ஒரே ஒருமுறை அழுத்தினாள். எங்களுடைய எல்லாப் படங்களிலும் அதுவே சிறந்தது. அவளிடம் கைப்பேசி இருந்திருந்தால் முதல் நாளே நாற்பது எடுத்திருப்பாள்; ஐந்தாம் நாள் போயிருக்க மாட்டாள்.

பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நாங்கள் ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் போட்டு வைக்கிறோம். இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சேறாகப் படிகிறது, இடப்பெயர்ச்சி வினை. (துருப்பிடிக்காத எஃகு நார் இதற்கு உதவாது.)

இரண்டு பெண்மணிகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஹோமாய் வியாரவல்லா 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர்; இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைச் சுமந்துகொண்டு, தில்லியில் தலைவர்களை எடுத்தார். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரில் வெளியாயின. 1970-இல் தொழிலை விட்டார். 2011-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. அடுத்த ஆண்டு மறைந்தார். மற்றவர் விவியன் மேயர். சிக்காகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்தவர். தெருக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தும் யாருக்கும் காட்டவில்லை. வாடகை கட்டாத சேமிப்பறையிலிருந்த அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலம் போயின. அவற்றில் கழுவாத சுருள்களும் ஏராளம். வாங்கியவர்கள் திறந்து பார்த்ததால்தான் உலகம் அவரை அறிந்தது. அதற்குள், 2009-இல், அவர் இறந்துவிட்டார். அந்தப் பெட்டிகளும் ஒருநாள் பழைய இரும்புக்காரரை எதிர்நோக்கிக் கிடந்திருக்கக்கூடும் அல்லவா?

நெகட்டிவ் முழுவதையும் அப்படியே வைத்திருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சிதைந்து ஒட்டிக்கொண்டவற்றைக் காப்பாற்ற எங்களால் இயலாது. நல்லவற்றைத் தனித்தனிக் காகித உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு, தரையில் படாமல், வெயில் விழாத அலமாரியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிடக்கூடாது. ஆவி உள்ளேயே தங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை முகர்ந்து பார்த்தாலே போதும். கூடவே, பள்ளிச் செலவில் ஆண்டுக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள். பத்தாம் வகுப்பின் இறுதிப் படத்தைக் கைப்பேசியிலோ டிஜிட்டலிலோ எடுப்பதோடு, பிலிமிலும் ஒருமுறை எடுத்து அந்தப் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். 2003-உடன் நின்றுபோன வரிசை இந்த ஆண்டு தொடர்ந்திருக்கிறது. சென்ற மாதம் எங்கள் வகுப்பை எடுத்தோம். கைப்பிடி சுழல்கிறதா என்று மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம், சுழன்றது. பெஞ்சு தூக்கிய புது வாட்ச்மேன் அண்ணனையும் ஓரத்தில் நிற்கச் சொன்னோம், இந்த முறை முழுசாக.

தலைமையாசிரியைச் சகோதரியின் கேள்வி இன்னும் மீதி இருக்கிறது. பெட்டிகள் இப்போது நூலகத்தில், கலைக்களஞ்சிய அலமாரியின் நடுத்தட்டில் இருக்கின்றன. சாவி நூலகச் சகோதரியிடம். ஆண்டு வாரியாகப் பட்டியல் எழுதிய நோட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 1983 வரை முடித்திருக்கிறோம். மீதியைத் தொடர ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூவர் பெயர் கொடுத்துள்ளனர். இன்னும் இருவர் வேண்டும். விருப்பமுள்ளோர் வருகிற தலைவெள்ளித் திருப்பலி முடிந்ததும் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். வரும்போது இரும்பு நார் ஒரு பொட்டலம் வாங்கி வந்தால் நல்லது, எங்களுடையது தீர்ந்துவிட்டது.